மேடைக்கு ஒரு நாள். மேனிக்கு ஓர் ஆயுள்



உங்கள் இல்லத்திலோ உங்கள் தெருவிலோ இத்தகைய இளைஞர் ஒருவர் இருக்கக்கூடும். அஸருக்குப் பின் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்வார். இஷா முடிந்த பின்னரே வீடு திரும்புவார். இன்னும் மூன்று மாதத்தில் ஆணழகன் போட்டி. ஒருநாள் திடீரென்று அடுப்படி வாசலில் வந்து நின்று, "உம்மா, இனி என் சாப்பாட்டில் ஒரு சொட்டு எண்ணெயும் இருக்கக் கூடாது. முட்டையில் மஞ்சள் கரு வேண்டாம். கோழியைத் தோலுரித்து அவித்துத் தந்தால் போதும்" என்று அறிவிப்பார்.

அன்று முதல் அடுப்பில் இரண்டு சட்டிகள். வெள்ளிக்கிழமை நெய்ச்சோற்றுக்கு எல்லோரும் அமர்ந்தாலும் அவர் மட்டும் அமர்வதில்லை. உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்றாலும் கையில் ஒரு டப்பா. இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டிவிடுகிறது. கண்கள் உள்ளே சென்றுவிடுகின்றன. "பிள்ளைக்கு ஏதும் நோயா?" என்று பார்ப்போர் கேட்கின்றனர். தாயின் மனம் பதைக்கிறது. தந்தை அதட்டுகிறார். மகனோ, "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சினந்து அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இதில் நியாயம் யார் பக்கம்? சற்றுப் பொறுமையுடன் பார்த்தால் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. கொழுப்பைக் குறைக்காமல் அம்மேடையில் நிற்க இயலாது என்று மகன் கூறுவது உண்மை. பிள்ளையின் உடல் எதையோ இழக்கிறது என்று தாய் அஞ்சுவதும் உண்மை. குறைப்பது எதுவரை, ஒழிப்பது எங்கிருந்து தொடங்குகிறது என்ற எல்லைக்கோட்டை இருவரும் அறிந்துகொண்டால் வீட்டில் சண்டையும் இராது. பிள்ளைக்கு ஆபத்தும் நேராது. அந்த எல்லைக்கோட்டைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். (மேடையில் அணியும் ஆடை பற்றி மார்க்கம் விதிக்கும் வரம்பு தனியே பேச வேண்டிய செய்தி, அதனை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.)

மேடை உடல் என்பது யாது?

நல்ல உடல்நலத்துடன் நடமாடும் ஓர் இளைஞரின் எடையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு வரை கொழுப்பாக இருப்பது இயல்பு. ஆணழகன் போட்டியில் நடுவர்கள் பார்ப்பது தசையின் பருமனை மட்டுமன்று. ஒரு தசைக்கும் அடுத்த தசைக்கும் இடையேயுள்ள பிரிவையும், தசையின் மேல் ஓடும் வரிகளையும் அவர்கள் பார்க்கின்றனர். தோலுக்கடியில் கொழுப்பு இருந்தால் அவை மறைந்துவிடும். எனவே போட்டியாளர் தம் உடற்கொழுப்பை நூற்றுக்கு ஐந்து பங்கு என்ற அளவிற்குக் கொண்டுவர முயல்கிறார்.

ஆனால் ஆண் உடலில் நூற்றுக்கு மூன்று பங்கு கொழுப்பு உயிர் வாழ்வதற்கே இன்றியமையாதது. மூளை, நரம்பு, எலும்பு மச்சை, உயிரணுக்களின் சுவர்கள் ஆகியவற்றில் அமைந்திருப்பது அது. சேமிப்புக் கொழுப்பு வேறு. இந்தக் கட்டடக் கொழுப்பு வேறு. பெண்களுக்கு இந்த இன்றியமையாத அளவு நூற்றுக்குப் பத்துக்கு மேல். மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கும் நம் பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுவிடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆகவே மேடையில் நிற்கும் அந்த உடல், நலத்தின் உச்சியில் இருக்கும் உடலன்று; எல்லையின் விளிம்பில் நிற்கும் உடல். அந்நிலையைத் தொடுவது ஒரு நாளுக்காக. அங்கேயே குடியிருக்க எவராலும் இயலாது. இதனை மகன் முதலில் உணர வேண்டும்.

கொழுப்பின் மேல் ஏன் இத்தனைப் பகை?

கணக்கு எளிது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருகிறது. ஒரு கிராம் புரதமும் 4 கலோரியே. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி. தாளிக்கும்போது கை தாராளமாக ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 14 கிராம். அதில் மட்டும் 120 கலோரிக்கு மேல். நாள்தோறும் இத்தகைய நான்கு கரண்டிகள் ஒருவரின் வயிற்றுக்குள் சென்றால் ஐந்நூறு கலோரி போயிற்று. அதை எரிக்க ஒரு மணி நேரம் ஓட வேண்டியிருக்கும்.

ஆகவே எடை குறைக்க விரும்புவோர் முதலில் எண்ணெயைக் குறைப்பது அறிவுடைய செயல்தான். தவறு அதற்கு அப்பால் தொடங்குகிறது. 1980களிலும் 1990களிலும் மேலை நாடுகளில் கொழுப்பு என்ற சொல்லே அச்சத்திற்குரியதாயிற்று. கொழுப்பு நீக்கிய பால், கொழுப்பு நீக்கிய ரொட்டி என்று கடைகள் நிறைந்தன. போட்டியாளர்களும் முட்டையின் வெள்ளைக் கரு, தோலற்ற கோழி நெஞ்சுக்கறி, அவித்த உருளைக்கிழங்கு, ஓட்ஸ் கஞ்சி, அரிசிச் சோறு என்று மாதக்கணக்கில் உண்டனர். பல உடற்பயிற்சிக் கூடங்களில் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் உணவுப் பட்டியல் இன்றும் அதன் எச்சமே.

கொழுப்பு செய்யும் பணிகள்

வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் மட்டுமே கரைபவை. உணவில் கொழுப்பே இல்லையெனில் கீரையையும் காரட்டையும் எவ்வளவு தின்றாலும் அவற்றின் சத்து உடலில் முழுமையாகச் சேராது. உடல் தானாக உற்பத்தி செய்துகொள்ள இயலாத இரண்டு கொழுப்பு அமிலங்கள் உள்ளன. அவற்றை உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். குறைந்தால் தோல் வறண்டு செதிலாகும். ஆண்மைக்கும் தசை வளர்ச்சிக்கும் அடிப்படையான டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பு நீர் உடலில் கொலஸ்ட்ராலிலிருந்தே உருவாகிறது.

2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. ஊக்க மருந்து எதையும் தொடாத ஒரு போட்டியாளரை, போட்டிக்கு முன் ஆறு மாதமும் பின் ஆறு மாதமும் ஆய்வாளர்கள் அளந்து வந்தனர். அவருடைய உடற்கொழுப்பு நூற்றுக்கு 14.8 பங்கிலிருந்து 4.5 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது. ஓய்வு நேர இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 53இலிருந்து 27 ஆயிற்று! உடல் வலிமை குறைந்தது, மனநிலையும் கெட்டது. போட்டிக்குப் பின் நன்றாக உண்ணத் தொடங்கியதும் சுரப்பு பழைய நிலைக்குத் திரும்பியது.

இதற்கு எண்ணெயைக் குறைத்தது மட்டும் காரணமன்று. நீண்ட காலம் உடலுக்குப் போதிய உணவே கிட்டாததுதான் முதற்காரணம். எனினும் பாடம் தெளிவு. மருந்தின்றி, முறையாகச் செய்த ஒருவருக்கே இந்நிலை. எண்ணெயை அறவே நிறுத்தி, தன் மனம்போன போக்கில் செய்பவருக்கு எந்நிலை?

அடுப்படியில் ஒரு கணக்கு

தாய்மார்களே! இனி உங்களுக்கான பகுதி. பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன் 80 கிலோ எடையுள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்திற்கு அவர் இழக்கத்தக்க எடை, உடல் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை; அதாவது 400 முதல் 800 கிராம். அதைவிட விரைந்து எடை இறங்கினால் கரைவது கொழுப்பு மட்டுமன்று. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த தசையும் கரைகிறது. ஒரு மாதம் இருக்கையில் பதறி ஓடுவதைவிட மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்னரே தொடங்குவது நலம்.

அவருக்கு நாள் ஒன்றுக்கு 2,200 கலோரி என்று கொண்டால் புரதம் 160 கிராம். அது 640 கலோரி. கொழுப்பு மொத்தக் கலோரியில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 440 கலோரி, ஏறத்தாழ 50 கிராம். மீதி 1,120 கலோரி சோறு, கோதுமை, கிழங்கு, பழம் ஆகியவற்றிலிருந்து வருவது. கொழுப்பை மொத்தக் கலோரியில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்குக் கீழே இறக்காமல் இருப்பது பாதுகாப்பு. இதுவே நாம் தேடிய எல்லைக்கோடு.

இந்த 50 கிராமை எவ்வாறு செலவிடலாம்? முழு முட்டை இரண்டு: 10 கிராம். சமைக்க எண்ணெய் மூன்று தேக்கரண்டி: 14 கிராம். தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி கால் கிலோ: 8 கிராம். பசும்பால் ஒரு குவளை: 7 கிராம். பாதாம் பருப்பு பத்து: 6 கிராம். கூட்டினால் 45. மீதி ஐந்து கிராம் தானியங்களிலும் பருப்பிலும் தானாகவே வந்துவிடும். பார்த்தீர்களா, மஞ்சள் கருவும் பாலும் பாதாமும் இக்கணக்கில் இடம்பெற்றுவிட்டன! ஒழிக்க வேண்டியது எதுவுமில்லை. அளக்க வேண்டியதுதான் உண்டு.

நம் வீட்டுச் சமையலில் அளவு மீறுவது பெரும்பாலும் தேங்காயில்தான். 100 கிராம் தேங்காயில் கொழுப்பு மட்டும் 33 கிராம். கெட்டித் தேங்காய்ப் பால் ஊற்றிய ஒரு கிண்ணம் ஆணம் அவருடைய பாதி நாள் பங்கை விழுங்கிவிடும். தேங்காய்க்குப் பதில் தக்காளி, வெங்காயம், மல்லி, மிளகு ஆகியவற்றை அரைத்து ஆணம் காய்ச்சலாம். கொழுப்பில்லாத் தயிரில் கறியை ஊறவைத்துத் தணலில் சுடலாம். வாரத்தில் இரு நாள் மத்தி மீனைக் குழம்பாகவோ, வாழையிலையில் வைத்து எண்ணெயின்றிச் சுட்டோ கொடுக்கலாம். இதயத்திற்கு நலம் தரும் ஒமேகா 3 கொழுப்பு அதில் நிறைந்துள்ளது. அதற்கென்றே கடையில் விற்கும் மீன் எண்ணெய் மாத்திரைகளின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது எவ்விலங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டறிய வேண்டிய கவலையும் மத்தி மீனில் இல்லை.

மேலும் ஒன்று. சில இளைஞர்கள் முட்டையின் வெள்ளைக் கருவைப் பச்சையாகவே குடிக்கின்றனர். பச்சை வெள்ளைக் கருவிலுள்ள ஒரு பொருள் பயோட்டின் என்ற வைட்டமினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. நோய்க்கிருமி தொற்றும் அபாயமும் உண்டு. அவித்தால் இரண்டும் தீரும். புரதமும் நன்றாகச் செரிக்கும்.

பசி மனத்தைத் தின்னும்போது

மகன் ஏன் எரிந்து விழுகிறார் என்பதற்கும் விடை உண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944இல், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். தாமாகவே முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் அரைகுறை உணவு கொடுக்கப்பட்டது. அவர்கள் தம் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். உடலைவிட மனமே விந்தையாக மாறியது. எப்போதும் உணவைப் பற்றியே பேசினர், சமையல் நூல்களைச் சேர்த்துப் படித்தனர், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினர், சிறு சொல்லுக்கும் சினந்தனர். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு நிறைந்தும் மனம் நிறையாமல் உண்டனர்.

எனவே போட்டிக் காலத்தில் பிள்ளை காட்டும் கோபத்தைப் பெற்றோர் மரியாதைக் குறைவாக மட்டும் கொள்ள வேண்டா. அது பசியின் குரல். போட்டி முடிந்த அன்றிரவே பிரியாணியையும் இனிப்பையும் குவித்து ஊட்டுவதும் வேண்டா. இரண்டு மாதங்களில் மெல்ல மெல்ல உணவைக் கூட்டுவதே முறை. இல்லையேல் இழந்த கொழுப்பு வட்டியோடு திரும்பிவரும்.

முகம்மது பெனாஸிஸாவின் கடைசி இரவு

இதுவரை கூறியவை உணவைப் பற்றியவை. உயிரைப் பறிப்பது இதற்கு அடுத்த படி.

அல்ஜீரியாவில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்தவர் முகம்மது பெனாஸிஸா. ஐந்தடியைச் சற்றே தாண்டிய உயரம். ஆயினும் மலைபோன்ற உருவங்களை மேடையில் வீழ்த்தியதால் "இராட்சதர்களை வெல்பவர்" என்று பெயர் பெற்றார். 1990இல் நியூயார்க்கில் நடந்த போட்டியில் அவரிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றவர் டோரியன் யேட்ஸ். பின்னாளில் தொடர்ந்து ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்றவர் அவர்.

1992 அக்டோபர். நெதர்லாந்தில் நடந்த போட்டியில் பெனாஸிஸா முதற்பரிசு பெற்றார். சில மணி நேரத்திற்குள் அவர் உயிருடன் இல்லை. வயது 33. தோல் தசையோடு ஒட்டித் தெரிய வேண்டும் என்பதற்காக உடலிலுள்ள நீரையும் வற்றச் செய்யும் வழக்கமும், அதற்காக உட்கொள்ளும் சிறுநீர் பெருக்கி மருந்துகளுமே அவ்விதயத்தை நிறுத்தின. பரிசுக் கோப்பை கையில் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுசெல்ல அவர் இல்லை.

1996இல் ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்ஸர் 31 வயதில் இறந்தார். கொழுப்பே இல்லாதவர் என்று உலகம் வியந்த உடல் அவருடையது. அமெரிக்காவில் ஒரு பெரிய போட்டியில் ஆறாம் இடம் பெற்றுத் திரும்பிய சில நாட்களில் வயிற்றுவலியுடன் ஜெர்மனியின் மியூனிக் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன.

கொழுப்பைக் குறைத்து உண்டதால் இவர்கள் இறந்தனர் என்று எழுதுவது நேர்மையன்று. ஊக்க மருந்தும் சிறுநீர் பெருக்கியுமே காரணம். ஆனால் அந்த மருந்துக்கு அவர்களை அழைத்துச் சென்ற எண்ணம் ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் வற்ற வேண்டும்." எண்ணெயில் தொடங்கிய அவ்வெண்ணம் உப்புக்குச் சென்று, உப்பிலிருந்து நீருக்குச் சென்று, நீரிலிருந்து மாத்திரைக்குச் செல்கிறது. இதயம் சீராகத் துடிப்பதற்கு இரத்தத்தில் பொட்டாசியமும் சோடியமும் அளவோடு இருக்க வேண்டும். இம்மாத்திரைகள் அவ்வளவைக் குலைக்கின்றன. பொட்டாசியம் குறைந்தாலும் இதயம் நிற்கும், மிகுந்தாலும் நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், தசையில் நான்கில் மூன்று பங்கு நீர்தான். நீரை வற்றச் செய்தால் தசையும் சேர்ந்து வாடி, தட்டையாகத் தெரியும். உயிரைப் பணயம் வைத்து வாங்குவது அழகும் அன்று.

நோன்பு வேறு, இது வேறு

"ரமலானில் பகல் முழுதும் நீரின்றித்தானே இருக்கிறோம், இரண்டு நாள் நீரைக் குறைத்தால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நோன்பு ஸஹரில் உண்டு தொடங்குகிறது. ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரத்தில் பேரீத்தம்பழத்தாலும் நீராலும் நோன்புக் கஞ்சியாலும் நிறைவுறுகிறது. நோயாளிக்கும் பயணிக்கும் அதில் சலுகை உண்டு. உடலிலுள்ள உப்பையும் நீரையும் மருந்திட்டுப் பிழிந்தெடுக்கும் செயல் அதில் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது அறியாமை.

எப்போது நிறுத்த வேண்டும்?

எழும்போது தலைசுற்றல், கெண்டைக்காலில் அடிக்கடி பிடிப்பு, படபடப்பு அல்லது மிக மெதுவான நாடி, உறக்கமின்மை, எப்போதும் குளிர்வது போன்ற உணர்வு, கொத்தாக முடி உதிர்தல், இல்லற நாட்டம் அறவே அற்றுப்போதல் ஆகியவை உடல் விடுக்கும் எச்சரிக்கைகள். இவற்றைக் கண்டால் போட்டியைவிட மருத்துவரே முக்கியம். நெஞ்சு வலியோ மயக்கமோ ஏற்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உடையோர் மருத்துவரைக் கேளாமல் இந்த உணவுமுறையைத் தொடங்கவே கூடாது. பதினெட்டு வயது நிறையாத, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டா. அறையைக் கூட்டும்போது பெயர் தெரியாத மாத்திரையோ ஊசிக்குப்பியோ கண்ணில் பட்டால் கூச்சலிடாதீர்கள், மறைத்தும் வைக்காதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நூறாண்டைக் கடந்த ஆணழகர்

இறுதியாக இன்னொருவரைப் பாருங்கள். 1912இல் இன்றைய வங்கதேசத்தின் கொமில்லாப் பகுதியில் பிறந்தவர் மனோகர் ஐச். உயரம் நான்கடி பதினொரு அங்குலம். வெள்ளையர் ஆட்சியில் சிறைப்பட்டு, சிறைக்குள்ளேயே கருவிகளின்றி உடற்பயிற்சி செய்தவர். 1952இல் லண்டனில் தம் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றார். சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால் என்னும் எளிய வங்காள உணவே அவருடைய உணவு. 2016இல் கொல்கத்தாவில் மறைந்தபோது அவருக்கு வயது 104.

ஒருவர் 33 வயதில் கோப்பையுடன் சாய்ந்தார். மற்றவர் கோப்பை வென்ற பின் 64 ஆண்டுகள் வாழ்ந்தார். இருவருமே உழைப்பாளிகள். நீண்ட ஆயுள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் தெரிந்தே குழியில் கால் வைக்காமல் இருப்பது நம் கையில் உள்ளது.

இளைஞர்களே! உழையுங்கள், அளந்து உண்ணுங்கள், மேடையேறுங்கள். உங்கள் உடல் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை மட்டும் மறவாதீர்கள். பெற்றோர்களே! இன்றிரவு மகனுடன் அமர்ந்து அந்த 50 கிராம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண்ணெயை அளந்து ஊற்றும் கரண்டி உம்மாவின் கையில் இருக்கட்டும். எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவு மகனின் நெஞ்சில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நெய்ச்சோற்றில் அவருக்கும் இரண்டு கவளம் இடம் உண்டு. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.